திரைக்குப் பக்கத்தில் நின்றவர்

ஞாயிறு ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் நின்று சபையாரை அனுப்பிவைக்கும் நேரத்தில் போதகர்களிடம் இப்போது ஒரு புதுக் கேள்வி வருகிறது. "ஐயா, லாசருவை எழுப்பின ஆண்டவர் ராமாவை ஏன் எழுப்பல?"

ராமா என்ற பெயரை வேதாகமத்தில் தேடினால் பெரும்பாலும் ஊர்ப்பெயராகத்தான் கிடைக்கும். தோமாவுக்கு நிச்சயமான பெண்ணாக அந்தப் பெயரில் யாரும் இல்லை. இயேசுவின் கதையைச் சொல்லும் 'தி சோசன்' தொடரை எழுதியவர்கள் படைத்த பாத்திரம் அவள். கானாவூர் கல்யாணத்துக்குத் திராட்சரசம் ஏற்பாடு செய்ய வந்த இடத்தில் தோமாவும் அவளும் நமக்கு அறிமுகமாகிறார்கள். ஜாடிகள் காலியாகும்போது வந்த பதற்றத்தை முதல் சீசனில் நாம் பார்த்ததே அவர்கள் முகத்தில்தான். நான்காம் சீசனில், கப்பர்நகூம் தெருவில் நடக்கும் கலவரத்தில் ரோம அதிகாரியின் வாள் பாய்ந்து அவள் விழுகிறாள். தோமா கெஞ்சுகிறார். யவீருவின் மகளைக் கைபிடித்து எழுப்பிய இயேசு இவளை எழுப்பவில்லை. சில அத்தியாயங்கள் கழித்து லாசரு கல்லறையை விட்டு வெளியே வருகிறார். அந்தக் காட்சியில் தோமாவின் முகத்தைப் பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷப்பட மனம் வராது.

இதைக் கேட்பவர்கள் விதண்டாவாதத்துக்காகக் கேட்பதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கேட்கிறார்கள். உபவாசமிருந்து ஜெபித்தும் கணவரைக் காப்பாற்ற முடியாமல் போனவர்கள் கேட்கிறார்கள். ராமா கற்பனைதான், கேள்வி கற்பனை இல்லை. "அது வேதத்துல இல்லம்மா" என்று ஒரு வரியில் முடித்துவிடும் போதகரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. "பாருங்கள், தொடர் எவ்வளவு அருமையாகப் பேசுகிறது" என்று அந்தக் காட்சியை அப்படியே பிரசங்கமாக்கிவிடுகிறவரைப் பார்த்தாலும் வருத்தமாகத்தான் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் நம் ஊர்களில் அதைச் செய்ய ஆள் இருந்தது.

இயேசுவின் கதை அசையும் படமாக நம் மண்ணுக்கு வந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. 1905இல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகக் காட்டிவந்த படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அந்தச் சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டப் புறப்பட்டார். பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற அரங்கைக் கட்டினார். அவர் செய்தது ஊழியம் இல்லை, தொழில். டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார். ஆனாலும் தமிழ் ஊர்கள் பலவற்றில் மக்கள் முதன்முதலில் கண்ட அசையும் படங்களில் பெத்லகேமும் கொல்கொதாவும் இருந்தன. அதற்குச் சில ஆண்டுகளில் பம்பாயில் கிறிஸ்துவின் வாழ்க்கையைத் திரையில் பார்த்த தாதாசாகேப் பால்கேவுக்கு, நம் கிருஷ்ணனையும் ராமனையும் இப்படிக் காட்ட முடியாதா என்று தோன்றியது. அதிலிருந்துதான் 'ராஜா ஹரிச்சந்திரா' பிறந்தது.

மௌனப் படத்துக்கு வாய் கிடையாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை விளக்கிச் சொல்வது அன்றைய வழக்கம். யார் இவர், ஏன் இவரைக் கட்டி இழுத்துப் போகிறார்கள், அழுகிற பெண் யார் என்று, கூட்டத்துக்குத் தெரிந்த பேச்சில் அவர் சொல்ல வேண்டும். படம் ஓடும் வேகத்துக்கு அவர் பேச்சு ஓட வேண்டும். கூட்டம் எங்கே குழம்புகிறது, எங்கே கசிகிறது என்று இருட்டிலேயே கணித்துக்கொள்ள வேண்டும். பேசும் படம் வந்ததும் அரங்குகளில் அவருக்கு வேலை போனது. சபையின் படக்காட்சி ஊழியத்தில் மட்டும் அவர் வெகுகாலம் பிழைத்திருந்தார்.

கொஞ்சம் வயதானவர்களுக்கு அந்த ஊழியம் நினைவிருக்கும். பொழுது சாயும் நேரத்தில் ஒரு வேன் வரும். பள்ளிக்கூடத்து மைதானத்திலோ களத்துமேட்டிலோ இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். சற்றுத் தள்ளி ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருக்கும். 16 மி.மீ. புரொஜெக்டரின் ஒளிக்கற்றைக்குள் ஈசல் பறக்கும். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அங்கிருந்தும் படம் தெரியும், இடம் வலமாக. முன்னால் இருந்தவர்களுக்கு வலக்கையால் ஆசீர்வதித்த இயேசு, பின்னால் இருந்தவர்களுக்கு இடக்கையால் ஆசீர்வதித்தார். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை.

அங்கே ஓடிய படம் பெரும்பாலும் 1979இல் வெளிவந்த 'ஜீசஸ்'. கேம்பஸ் குருசேட் அமைப்பின் முயற்சியில் இஸ்ரேலிலேயே படமாக்கப்பட்டது. பிரையன் டீகன் என்ற ஆங்கிலேய நடிகர் இயேசுவாக நடித்தார். அதை எடுத்தவர்கள் தங்களுக்கு ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள்: லூக்கா சுவிசேஷத்தை விட்டு விலகுவதில்லை. இயேசுவின் வாயில் வரும் பேச்சு ஏறக்குறைய முழுவதும் லூக்கா எழுதியதுதான். கதைக்குச் சுவை கூட்ட ஒரு காதலோ ஒரு துணைப்பாத்திரமோ சேர்க்கவில்லை. அதனாலேயே படம் சில இடங்களில் நாடகமாக எழும்பாமல் வாசிப்புப் போல நகர்கிறது. விமர்சகர்கள் அதைக் குறையாகச் சொன்னார்கள். ஆனால் மொழிபெயர்ப்புக்கு அதுவே பெரிய வசதியாகிவிட்டது. ஒரு மொழியில் லூக்கா சுவிசேஷம் இருந்தால், படத்துக்கான வசனத்தில் முக்கால்வாசி கையில் இருந்தது. தமிழ் உட்பட 2,000க்கும் மேற்பட்ட மொழிகளில் அது பேசியது இப்படித்தான்.

இதே காலத்தில் நம் பக்கத்து வீட்டிலிருந்தும் ஒரு படம் வந்தது. 1978இல் வெளியான தெலுங்குப் படம் 'கருணாமயுடு'. இயக்கியவர் 'பாசமலர்' எடுத்த ஏ. பீம்சிங். நடிகர் விஜயசந்தர் இயேசுவாக நடித்தார். பாட்டும் கண்ணீருமாக நம் சினிமாவின் நாடித்துடிப்போடு எடுத்த படம் அது. இந்தி, தமிழ் என்று வேறு மொழிகளுக்கும் போய், பல ஆண்டுகள் கிராமத் திரையிடல்களில் ஓடியது. பிரையன் டீகனின் இயேசுவை மக்கள் மரியாதையோடு பார்த்தார்கள். விஜயசந்தரின் இயேசுவைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பார்த்தார்கள். சவுக்கடி விழும் காட்சியில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுததைப் படக்காட்சி ஊழியர்கள் இன்றும் சொல்வார்கள்.

இந்தக் காட்சிகளில் படத்தைவிட முக்கியமான ஒன்று நடந்தது. ரீல் மாற்றும் இடைவெளியில் ஓர் உபதேசியார் மைக்கைப் பிடிப்பார். அடுத்து வரப்போவதைச் சொல்வார், போனதில் புரியாததை விளக்குவார். கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கதை புதிது. பரிசேயர் யார், வரி வசூலிப்பவனை ஏன் வெறுத்தார்கள், மூன்றாம் நாள் என்றால் என்ன என்று அவர்தான் சொல்லியாக வேண்டும். வரி வசூலிப்பவனைப் பற்றிச் சொல்லும்போது அந்த ஊர்க் கந்துவட்டிக்காரனை மனதில் வைத்துப் பேசினால் கூட்டத்துக்கு உடனே விளங்கும். படம் முடிந்ததும் ஒரு சின்ன ஜெபம், கைப்பிரதி, 'மறுபடி வருவோம்' என்ற வாக்கு. நல்ல ஊழியர்கள் மறுபடி வந்தார்கள். வராதவர்களும் உண்டு. காட்டிவிட்டுக் கணக்கு எழுதிக்கொண்டு போன கூட்டம் ஏற்படுத்திய கசப்பும் சில ஊர்களில் தங்கியிருக்கிறது. அதை மறைத்து அந்தக் காலத்தைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தபோது திரைக்குப் பக்கத்தில் நிற்க இடமில்லாமல் போனது.

மேலை நாட்டில் இது முன்பே தொடங்கிவிட்டது. 1977இல் பிராங்கோ செஃபிரெல்லியின் 'ஜீசஸ் ஆஃப் நாசரேத்' தொடரை என்.பி.சி. குருத்தோலை ஞாயிறன்றும் ஈஸ்டரன்றும் ஒளிபரப்பியது. ஒளிபரப்புக்கு முன்பே, படத்தைப் பார்க்காமலேயே, பாப் ஜோன்ஸ் என்ற போதகர் தலைமையில் எதிர்ப்பு எழுந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் விளம்பர ஆதரவை விலக்கிக்கொள்ள, அந்த இடத்துக்கு பிராக்டர் அண்ட் கேம்பிள் வந்தது. சபை அப்போது வாசலில் நின்ற காவல்காரர். இது தகும், இது தகாது என்று சொல்வதே அதன் வேலையாக இருந்தது.

2013 மார்ச்சில் ஹிஸ்டரி சானலில் 'தி பைபிள்' தொடங்கியபோது இது தலைகீழானது. தயாரித்தவர்கள் மார்க் பர்னெட்டும் அவர் மனைவி ரோமா டவுனியும். பர்னெட் 'சர்வைவர்' போன்ற ரியாலிட்டி நிகழ்ச்சிகளால் பெயர் பெற்றவர். முதல் இரவில் 1 கோடியே 31 லட்சம் பேர் பார்த்தார்கள். பத்து மணி நேரத் தொடர் சரியாக ஈஸ்டரன்று முடிந்தது. சபைகள் எதிர்த்து நிற்கவில்லை. விளம்பரம் செய்ததே சபைகள்தான். பிரசங்கக் குறிப்பு, சிறுகுழுப் பாடம், கோயிலில் போட்டுக்காட்டத் துண்டுக்காட்சி, வாசலில் கட்டப் பேனர் என்று எல்லாம் ஒரே பொட்டலமாகக் கிடைத்தன. போதகர் அதைப் பிரித்தால் நான்கைந்து வாரத்துக்கு அவருக்குக் கவலையில்லை.

ஆனால் அந்தத் தொடர் சோதோமுக்குப் போன தேவதூதர்கள் கையில் வாள் கொடுத்துச் சண்டை போடவிட்டது. சாத்தானாக நடித்தவரின் முகம் அதிபர் ஒபாமாவைப் போலிருக்கிறது என்று எழுந்த கூச்சல் பல நாள் அடங்கவில்லை. மறு ஆண்டு அந்தத் தொடரிலிருந்து 'சன் ஆஃப் காட்' என்று திரைப்படம் தொகுத்தபோது சாத்தானையே வெட்டிவிட்டார்கள். வனாந்தரச் சோதனையைப் பற்றிப் பிரசங்கிக்க வேண்டிய வாரத்தில் சபையார் வாயில் இருந்தது நடிகரின் முகஜாடை பற்றிய பேச்சு.

2015இல் வந்த 'ஏ.டி.' இன்னும் பெரிய பாடம். அப்போஸ்தலர் நடபடிகளை என்.பி.சி. ஈஸ்டரன்று தொடங்கி 12 வாரம் காட்டியது. புகழ்பெற்ற போதகர் டேவிட் ஜெரமையா அதற்குத் துணைநூல் எழுதினார். தொடரோடு ஒட்டி வாரம் ஒரு பிரசங்கம் என்று பல சபைகள் திட்டம் போட்டன. ஜூலையில் சானல் தொடரை நிறுத்திவிட்டது. பவுலின் முதல் சுவிசேஷப் பயணம்கூடத் தொடங்கவில்லை. பிரசங்க அட்டவணையைச் சானலின் அட்டவணையோடு கட்டிவைத்தால், பவுலைப் பற்றி எப்போது பேசுவது என்பதைப் பார்வையாளர் எண்ணிக்கை முடிவு செய்யும்.

இந்தப் பின்னணியில்தான் 'தி சோசன்' வந்தது. இதன் இயக்குநர் டல்லஸ் ஜென்கின்ஸ் எடுத்த ஒரு திரைப்படம் 2017 தொடக்கத்தில் வசூலில் படுத்துவிட்டது. மனமுடைந்திருந்த அவர், தன் சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனைக்காக ஒரு மேய்ப்பனைப் பற்றிய குறும்படம் எடுத்தார். அதைப் பார்த்தவர்கள் பணம் போட முன்வந்தார்கள். 16,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து கொடுத்த 1 கோடி டாலரில் முதல் சீசன் உருவாகி 2019இல் வெளிவந்தது. சானல் இல்லை, விளம்பரதாரர் இல்லை. கைபேசிச் செயலியில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த காட்சிக்கு டெக்சாஸ் வெயிலில் கூட்டமாக உட்கார்ந்தவர்கள், தங்கள் செலவில் வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான ரசிகர்கள். நிக்கொதேமுவாக நடித்த எரிக் அவாரி டார்ஜிலிங்கில் பிறந்தவர். 600 மொழிகளுக்குக் கொண்டுபோவது இலக்கு என்கிறார்கள். தமிழிலும் பேசுகிறது.

இங்கேதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள உண்மையான வித்தியாசம். 'ஜீசஸ்' படம் லூக்கா எழுதியதற்குள் நின்றது. 'தி சோசன்' லூக்கா எழுதாமல் விட்டதற்குள் நுழைகிறது. பேதுருவுக்கு மாமியார் இருந்தார் என்று சுவிசேஷம் சொல்கிறது. அப்படியானால் மனைவி இருந்திருப்பாரே, அவர் பெயர் என்ன, கணவர் வலையைப் போட்டுவிட்டு ஒரு போதகரின் பின்னால் போன அன்று அடுப்பு எரிந்ததா என்று தொடர் கேட்கிறது. மத்தேயு கணக்கில் கெட்டி, மனிதர் முகம் பார்க்கத் தடுமாறுபவர். ஆட்டிசம் உள்ளவராக அவரைக் காட்டுகிறார்கள். தொடரின் தொடக்கத்திலேயே, முன்கதைகளும் சில பாத்திரங்களும் உரையாடல்களும் சேர்க்கப்பட்டவை, சுவிசேஷங்களை வாசியுங்கள் என்று அறிவிப்புப் போடுகிறார்கள். நேர்மையான அறிவிப்பு அது. எத்தனை பேர் அதன்படி வாசிக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

வேதத்தோடு ஒன்றும் கூட்டக்கூடாது என்று சொல்லி இந்தத் தொடரையே தள்ளுகிறவர்கள் நம்மிடம் உண்டு. சில காட்சிகளைப் படமாக்கிய யூட்டா தளம் மார்மன் சபையாருக்குச் சொந்தமானது என்பதும் அவர்களுக்கு உறுத்தல். அவர்களுடைய பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தமிழ்க் கிறிஸ்தவன் இதைக் கண்டு திடுக்கிட வேண்டியதில்லை. வீரமாமுனிவர் 'தேம்பாவணி'யில் 3,615 பாட்டுப் பாடியது யாரைப் பற்றி? சுவிசேஷத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத யோசேப்பைப் பற்றி. யூதேயாவுக்குள் நம் மருதநிலத்தைக் கொண்டுவந்து, யோசேப்புக்கு ஒரு காவியத்தையே கொடுத்தார். வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேமுக்குக் குறவஞ்சியைக் கூட்டிப்போனார். யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகள் 1965இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகத்தை எத்தனையோ விதமாக மேடையேற்றியது. ஆவூரிலும் இடைக்காட்டூரிலும் பாஸ்கா நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு, யூதாஸின் புலம்பலில் எது வேதம் எது கூத்து என்று நன்றாகவே தெரியும். கற்பனை நமக்குப் புதிதில்லை. ஆனால் தேம்பாவணியைக் கேட்டவருக்கு அது பாட்டு என்பது தெரிந்திருந்தது. பாஸ்கா பார்த்தவருக்கு, பிலாத்துவாக நிற்பவர் மேலத்தெருக்காரர் என்பது தெரிந்திருந்தது. இன்றைய படப்பிடிப்பின் துல்லியத்தில் அந்த இடைவெளி அழிந்துவிடுகிறது. நேரில் பார்த்த மாதிரி மனதில் பதிந்துவிடுகிறது.

முகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்மாவட்டத்துச் சி.எஸ்.ஐ. கோயில்களில் பீடத்தின் மேல் சிலுவை மட்டும்தான் இருக்கும், சுரூபம் கிடையாது. அங்கே வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, ஜெபிக்கக் கண் மூடினால் வந்தது காலண்டரில் பார்த்த வார்னர் சால்மனின் ஓவியம். அடுத்த தலைமுறைக்குப் பிரையன் டீகன். இன்றைய வாலிபர்களுக்கு 'தி சோசன்' தொடரில் இயேசுவாக வரும் ஜானதன் ரூமி. அந்த நடிகர் ஒரு பக்தியுள்ள கத்தோலிக்கர், நல்லவர். ஆனாலும் பிறந்தநாள் வாழ்த்து அட்டையில், வாட்ஸ்அப் நிலைத்தகவலில், ஆராதனை நடக்கும் எல்.இ.டி. திரையில் அவர் முகத்தைப் போட்டு அடியில் வசனம் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. காலண்டர் படம் அசையாது, பேசாது. அதற்கு ஓர் எல்லை இருந்தது. இந்த முகம் சிரிக்கிறது, கிண்டல் செய்கிறது, தச்சுவேலை செய்து கை காய்த்திருக்கிறது. அத்தனையும் அழகு. அதனால்தான் அதைப் பீடத்துக்கு மேலே ஏற்றும்போது கவனம் வேண்டும் என்கிறேன்.

இவ்வளவும் சொன்ன நான், இந்தத் தொடரில் ஒரு காட்சியைத் தமிழ்நாட்டுப் போதகர் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும் என்றும் சொல்வேன். மூன்றாம் சீசனின் இரண்டாம் அத்தியாயம். இயேசு பன்னிருவரை இரண்டிரண்டு பேராக ஊர்களுக்கு அனுப்புகிறார். நோயாளிகளைச் சுகப்படுத்தும் அதிகாரத்தையும் கொடுக்கிறார். சின்ன யாக்கோபு என்னும் சீஷன் பிறவியிலேயே காலை இழுத்து நடக்கிறவர். அவராக நடிக்கும் ஜோர்டன் வாக்கர் ராஸுக்கு நிஜத்திலும் மூளைவாதமும் முதுகெலும்பு வளைவும் உண்டு. அந்த நடை நடிப்பில்லை. எல்லோரும் போன பிறகு அவர் தயங்கித் தயங்கி இயேசுவிடம் வந்து கேட்கிறார்: பிறரைச் சுகமாக்க என்னை அனுப்புகிறீர், நீர் என்னைச் சுகமாக்கவில்லையே. இயேசு அவரை அதட்டவில்லை, விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. சுகம் பெற்றுச் சாட்சி சொல்லப் பலர் உண்டு, சுகம் பெறாமலே துதிக்கிறவனுடைய சாட்சி அதைவிட எவ்வளவு பெரியது என்ற பொருளில் நிதானமாகப் பேசுகிறார். அவரைச் சுகமாக்காமலே அனுப்புகிறார். யாக்கோபு காலை இழுத்துக்கொண்டே போகிறார்.

இது எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. ஆனால் நம் ஊரில் 'சுகமளிக்கும் கூட்டம்' என்று சுவரொட்டி ஒட்டாத தெரு இல்லை. சக்கர நாற்காலியில் முன்வரிசைக்குக் கொண்டுபோய், அதே நாற்காலியில் திரும்பக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! மேடையில் சாட்சி சொன்னவர்களை நாம் பார்த்தோம். திரும்பி வந்தவர்களோடு பஸ்ஸில் யார் உட்கார்ந்து வந்தது? அவர்களுக்குச் சொல்ல நம் பிரசங்கங்களில் சொல் இல்லாமல் இருந்தது. ஒரு தொடர் அந்த இடத்தைத் தொட்டுவிட்டது. இதைச் சபையில் காட்டுகிற போதகர் அதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து, மூன்று முறை வேண்டிக்கொண்டும் பவுலுக்கு எடுக்கப்படாத முள்ளைப் பற்றிப் பேச வேண்டும். யாக்கோபின் காட்சி எங்கிருந்து முளைத்தது என்று காட்டினால், சபையாருக்குத் தொடரும் விளங்கும், வேதமும் விளங்கும். ராமாவைப் பற்றிக் கேட்கும் தாய்க்கும் பதில் அங்கேதான் தொடங்குகிறது. யோவான் 11ஆம் அதிகாரத்தில் மார்த்தாளும் மரியாளும் அதே குறையைத்தான் இயேசுவின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்.

பிரசங்கத்துக்கு நடுவில் விளக்கை அணைத்துத் துண்டுக்காட்சி போடும் பழக்கத்தை நான் பலமுறை பார்த்துவிட்டேன். அது பெரும்பாலும் உதவுவதில்லை. தேர்ந்த நடிகரும் இசையும் ஒளியும் சேர்ந்து மூன்று நிமிடத்தில் கண்ணில் நீர் வரவழைத்துவிட்டுப் போன பிறகு, விளக்குப் போட்டு ஒருவர் 'ஆகவே பிரியமானவர்களே' என்று தொடங்கினால், அந்தச் சொல் தரையில் விழுகிறது. காட்சி முடிந்தும் சபையின் மனம் காட்சியிலேயே இருக்கும். நன்றாகப் பேசக்கூடிய போதகர்களே இதில் தடுமாறுகிறார்கள்.

தொடருக்கு ஏற்ற இடம் வீடு. லெந்து நாட்களில் வாரம் ஒரு வீட்டில் பத்துப்பேர் கூடி, ஓர் அத்தியாயம் பார்த்து, டிவியை அணைத்துவிட்டு, அதே பகுதியை வேதத்திலிருந்து ஒருவர் சத்தமாக வாசித்தால் போதும். படத்தில் இருந்து வேதத்தில் இல்லாதது எது என்று முதலில் பிள்ளைகளைக் கேட்க வேண்டும். அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். வேதத்தில் இருந்தும் படத்தில் விட்டுப்போனது எது என்பது இரண்டாவது கேள்வி. பெரியவர்கள் அதில்தான் விழித்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டு இந்து நண்பரோ இஸ்லாமியத் தோழியோ கேட்டு வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். கொக்கி போட்டு யாரையும் இழுக்க வேண்டாம். அன்று மைதானத்தில் காட்டியபோது ஊருக்கே தெரிய நடந்தது. விரும்பாதவர் எழுந்து போகலாம், எதிர்ப்பவர் எதிர்க்கலாம். இன்று கைபேசியில் இணைப்பை அனுப்பிவிட்டு 'பாருங்க' என்று ஓர் எமோஜி போடுவதோடு ஊழியம் முடிந்துவிடுகிறது. அனுப்பியவர் பக்கத்தில் இல்லை. பார்த்தவருக்குக் கேள்வி வந்தால் கேட்க ஆளில்லை. இது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

படக்காட்சி ஊழியத்தில் இருந்த பெரியவர்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள். வேன் போய்விட்டது, புரொஜெக்டர் பழைய இரும்புக்குப் போய்விட்டது. மைக் பிடித்தவர்களுக்குக் குரல் தளர்ந்திருக்கிறது. ஆனால் கதை தெரியாத ஆளுக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும், அழுகிற கூட்டத்திடம் எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கைவந்த கலை. இறையியல் கல்லூரிப் பாடத்தில் அது கிடையாது. வாலிபர் ஐக்கியத்துக்காரர்கள் அடுத்த சீசனைப் பார்க்கத் திட்டம் போடும்போது, அப்படிப்பட்ட ஒரு பெரியவரைத் தேடிப் போய்க் கூட்டிவந்து டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கட்டும். அத்தியாயம் முடிந்ததும் ரிமோட்டை அவர் கையில் கொடுக்கட்டும். எந்த இடத்துக்குத் திரும்பப் போக வேண்டும் என்று அவர் சொல்வார்.